சோறு போட்டால் ஆறு மாதம் ஜெயில்! வேதாரண்யம் கடற்கரைக்கு நடந்த நூறு பேர் 15 ராத்திரி எங்கே தங்கினார்கள்?

வார இறுதியில் திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் ரோட்டில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போனது. ஐந்தாறு பைக்குகள் வரிசையாக வரும். பின் சீட்டில் சுருட்டிக் கட்டிய டென்ட், ஒரு தண்ணீர் கேன், ஹேண்டில்பாரில் போன். டீக்கடையில் நிறுத்தி "கோடியக்கரைக்கு இன்னும் எவ்வளவு தூரம்ணே?" என்று கேட்பார்கள். வேதாரண்யத்துக்கு 35 கிலோமீட்டர் சொச்சம், அங்கிருந்து கோடியக்கரைக்கு இன்னொரு பத்து. ஒரு மணி நேரத்தில் கடற்கரை.

இதே ரோட்டில் 1930 ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு கூட்டம் நடந்து போனது. அவர்களுக்கும் போய்ச்சேர வேண்டிய இடம் காற்றடிக்கும் அந்தக் கடற்கரைதான். ஏறத்தாழ நூறு பேர். வண்டி கிடையாது, டென்ட் கிடையாது. வழியில் யாராவது ஒரு வேளைச் சோறு போட்டாலோ, ஒரு ராத்திரி படுக்க இடம் கொடுத்தாலோ, கொடுத்தவருக்கு ஆறு மாதம் சிறை என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்திருந்தது.

பள்ளிப் புத்தகத்தில் 'வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம்' என்று நாலு வரியில் படித்த சமாச்சாரம்தான். ராஜாஜி தலைமை தாங்கினார், உப்பு அள்ளினார், கைதானார். இரண்டு மதிப்பெண் வினா, அவ்வளவுதான். ஆனால் ட்ரிப் பிளான் பண்ணிப் பழகிய யாரும் கேட்கக்கூடிய ஒரு கேள்வி அந்த நாலு வரியில் இல்லை. நூறு பேர், 15 நாள், சுமார் 240 கிலோமீட்டர், சித்திரை வெயில். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் என்ன செய்தார்கள்?

ட்ரிப் ஆரம்பித்த கதை

உப்பு அப்போது அரசாங்கத்தின் சொத்து. சென்னை மாகாணத்தில் 1805-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. கடற்கரையில் தானாக விளைந்து கிடக்கும் உப்பை ஒரு கைப்பிடி அள்ளினாலும் குற்றம். அந்தச் சட்டத்தை மீறுவதற்காகத்தான் காந்தி 1930 மார்ச் 12-ம் தேதி சபர்மதி ஆசிரமத்திலிருந்து கிளம்பி, 78 பேரோடு சுமார் 385 கிலோமீட்டர் நடந்து, ஏப்ரல் 6-ம் தேதி தண்டியில் உப்பு எடுத்தார்.

அடுத்த வாரமே தமிழ்நாட்டில் அதே வேலை தொடங்கியது. தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்த ராஜாஜிக்கு அப்போது 51 வயது. திருச்சி கன்டோன்மென்டில் டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜனின் வீட்டிலிருந்து ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு அன்று கூட்டம் கிளம்பியது. நடக்கும்போது பாடுவதற்கென்றே நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை ஒரு பாட்டு எழுதிக் கொடுத்திருந்தார். தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். ரூட் இதுதான்.

வரைபடத்தில் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். இது நேர் வழி இல்லை. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கு நேராக வரலாம். அப்படி வராமல் வடகிழக்கே கும்பகோணம் வரை ஏறி, பிறகு தெற்கே இறங்கியிருக்கிறார்கள். சீக்கிரம் போய்ச்சேருவது அவர்கள் நோக்கமில்லை. பெரிய ஊர்களைத் தொட வேண்டும், கூட்டம் போட வேண்டும், கதர், தீண்டாமை ஒழிப்பு பற்றிப் பேச வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சுற்று.

ஒரு நாளைக்குச் சராசரி 16 கிலோமீட்டர். தினமும் ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய தூரமாகத் தெரியாது. ஆனால் ஏப்ரல் மாத டெல்டா என்பது வேறு. அறுவடை முடிந்து வயலெல்லாம் தாளடிக் கட்டைதான் நிற்கும். நிழலுக்கு ரோட்டோரப் புளியமரத்தை விட்டால் வேறு எதுவும் இல்லை. மேட்டூர் அணை அப்போது பாதி கட்டிய நிலையில் இருந்தது, 1934-ல்தான் முடிந்தது. ஆகவே ஆறுகளில் மணல்தான். வெயில் ஏறுவதற்கு முன் கொஞ்சம், சாய்ந்த பிறகு கொஞ்சம் என்று பிரித்து நடந்தால்தான் தாக்குப்பிடிக்க முடியும்.

சாப்பாட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறு பேருக்கு இரண்டு வேளை என்றால் ஒரு நாளைக்கு 200 சாப்பாடு, 15 நாளைக்கு 3,000. நடந்து களைத்தவனுக்கு வேளைக்குக் கால் கிலோ அரிசி என்று வைத்தால் தினம் 50 கிலோ வேண்டும். இதைத் தூக்கிக்கொண்டு யாரும் நடக்க முடியாது. வழியில் இருக்கும் ஊர்கள் போட்டால்தான் உண்டு.

ஊர்களை நம்பித்தான் கிளம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது.

ஓட்டல் இல்லாத காலத்தின் 'பேக்கேஜ்'

தஞ்சை மண்ணில் வழிப்போக்கனுக்குச் சோறு போடுவது தனிமனிதர் தர்மமாக மட்டும் இருக்கவில்லை, அதற்கென ஒரு ஏற்பாடே இருந்தது. சத்திரங்கள். தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் வழி நெடுக மராத்திய மன்னர்கள் கட்டிவைத்தார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802-ல் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். வருகிறவர்களுக்குத் தங்க இடம், வேளைக்குச் சாப்பாடு, உடம்பு சரியில்லை என்றால் வைத்தியம். இவற்றின் செலவுக்கு நிலங்கள் எழுதிவைக்கப்பட்டிருந்தன. கம்பெனி ஆட்சி வந்தபோது சரபோஜி 1801-ல் ஆங்கிலேய ரெசிடென்டுக்குக் கடிதம் எழுதி, இந்தச் சத்திரங்கள் என்னென்ன செய்கின்றன என்று விவரித்து, அவற்றை விட்டுவைக்கும்படி கேட்டுக்கொண்டார்.

ராஜ்யம் போய்விட்டது, அப்போதும் சத்திரத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார் மனுஷன்.

அரசர்கள் கட்டியது போக, செட்டியார்கள், நாயுடுகள், பிள்ளைமார்கள், அய்யர்கள் என்று வசதியுள்ளவர்கள் ஊருக்கு ஊர் கட்டியதும் உண்டு. அதில் சாதி பார்த்து இலை போட்ட சத்திரங்களும் இருந்தன, அதையும் மறைக்க வேண்டியதில்லை. எப்படியிருந்தாலும், டெல்டாவில் நடந்து போகிற ஒரு கூட்டம் ராத்திரி எங்கே தங்கும் என்று 1930-ல் யாரும் யோசிக்கத் தேவையே இருந்திருக்காது. சத்திரத் திண்ணை இருக்கிறது, போய்ப் படுத்தால் போச்சு.

தஞ்சை மாவட்டக் கலெக்டர் ஜே.ஏ.தார்ன் கைவைத்தது சரியாக அந்த இடத்தில்தான்.

கலெக்டர் போட்ட கணக்கு

நடப்பவர்களைக் கைது செய்தால் ஊர்வலம் இன்னும் பெரிதாகும். தண்டி யாத்திரையே அதற்குச் சாட்சி. அதனால் தார்ன் வேறு வழி பிடித்தார். நடப்பவர்களை விட்டுவிடு, சோறு போடுகிறவர்களைப் பிடி. சத்தியாகிரகிகளுக்கு உணவோ இடமோ கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் கிடைக்கும் என்று தமிழிலேயே நோட்டீஸ் அச்சடித்து மாவட்டம் முழுக்கப் பரப்பினார்.

அதற்குச் சட்டத்தில் இடமும் இருந்தது. சட்டவிரோதக் கூட்டத்துக்காகத் திரட்டப்பட்ட ஆட்களுக்கு இடம் கொடுப்பது குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 157-வது பிரிவு சொன்னது. அதிகபட்சத் தண்டனை ஆறு மாதம், அல்லது அபராதம், அல்லது இரண்டும். அடியாட்களை ஒளித்துவைப்பவர்களுக்கென எழுதிய மாதிரி இருக்கும் பிரிவு அது.

நிர்வாகக் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். இரண்டு நாள் பட்டினி கிடந்தால் கூட்டம் தானாகக் கரையும், நூறு பேரை ஜெயிலில் போட்டுச் சோறு போடும் செலவும் மிச்சம். தார்ன் என்ற பெயர் ஆங்கிலத்தில் முள்ளைக் குறிக்கும் சொல் போலவே ஒலிக்கும். முள்ளைப் போட்டு இந்த வெள்ளத்தை அடைக்க முடியாது என்ற பொருளில் ராஜாஜி அதற்குப் பதில் சொன்னார். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளத்துக்குப் பசிக்காது, நூறு பேருக்குப் பசிக்கும்.

முதலில் மாட்டியவர் கும்பகோணத்துப் பந்துலு ஐயர். முன்னாள் சட்டசபை உறுப்பினர், ஊரில் பெரிய மனிதர். இரண்டு நாள் கூட்டத்தைத் தன் வீட்டில் தங்கவைத்து விருந்து போட்டார். கைது, ஆறு மாதம் கடுங்காவல். 'பெரிய மனிதருக்கே இந்தக் கதி, நீ எம்மாத்திரம்' என்பதுதான் அதன் செய்தி.

மரத்தில் தொங்கிய பொட்டலம், மணலுக்குள் அண்டா

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் டெல்டாவில் இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். நடந்து போகிறவர்கள் வரும் வழியில் ரோட்டோர மரங்களின் கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தன. காவிரிக் கரையில் இளைப்பாற உட்கார்ந்தால் அருகிலேயே ஏதாவது அடையாளம் தெரியும். அங்கே தோண்டினால் மணலுக்குள் பெரிய பெரிய பாத்திரங்களில் சாப்பாடு.

யார் கட்டினார்கள்? மரம்தான் சாட்சி, அது பேசாது. யார் புதைத்தார்கள்? மணலில் கால்தடம் எத்தனையோ. 'கொடுத்தவர்' என்று ஒருவரைக் காட்டினால்தான் போலீஸ் கைது செய்ய முடியும். புளியோதரை மரத்தில் காய்த்தால் யாரைப் பிடிப்பது?

இது சாத்தியமானதற்குப் பருவமும் ஒரு காரணம். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதத்தில் மணலில் அண்டாவைப் புதைக்க முடியாது. சித்திரையில் வறண்டு கிடந்த காவிரி ஒரு பெரிய மறைவிடமாகப் பயன்பட்டது. நிலாவும் ஒத்துழைத்தது. அவர்கள் கிளம்பிய ஏப்ரல் 13 பௌர்ணமி. முதல் சில நாட்கள் திறந்தவெளியில் படுத்தவர்களுக்கு விளக்குத் தேவைப்பட்டிருக்காது. நாள் ஆக ஆக நிலா தேய்ந்தது. வேதாரண்யம் போய்ச்சேர்ந்த ஏப்ரல் 28 அமாவாசை. திட்டமிட்டுச் செய்தார்களா என்று கேட்டால், கிளம்பும் நாளாக அவர்கள் பார்த்தது புத்தாண்டைத்தான். நிலா தற்செயல்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பக்கம், வேலையை நிறுத்தியவர்களுடையது. வெள்ளைக்கார அதிகாரிகளின் வீட்டு வேலைக்காரர்கள் விலகினார்கள். போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்ய மாட்டோம், துணி வெளுக்க மாட்டோம் என்று நாவிதர்களும் சலவைத் தொழிலாளிகளும் மறுத்தார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி, தான் சவரம் செய்துகொண்டிருப்பது ஒரு போலீஸ்காரருக்கு என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். தண்டனையும் அனுபவித்தார். அவருக்கு அந்த ஊரில் நினைவுச்சின்னம் இருக்கிறது. பாதி மழித்த முகத்தோடு அந்தப் போலீஸ்காரர் எப்படி ஸ்டேஷனுக்குத் திரும்பினார் என்பதை ஊர் இன்னும் சிரித்துக்கொண்டே சொல்லும். ஆனால் அன்றாடம் கூலிக்குக் கத்தி பிடிக்கும் ஒருவருக்கு அது சிரிப்பு விஷயமாக இருந்திருக்காது.

திருத்துறைப்பூண்டி: கடைசித் திண்ணை

மன்னார்குடி தாண்டித் தெற்கே வந்தால் திருத்துறைப்பூண்டிதான் கடைசிப் பெரிய ஊர். அன்றைய நடைக் கணக்கில் அங்கிருந்து வேதாரண்யத்துக்கு இன்னும் இரண்டு நாள். பத்துப் பன்னிரண்டு நாள் நடந்து வந்த கால்களுக்கு ஒரு கூரை தேவைப்பட்டிருக்கும் இடம்.

அங்கே ஒரு சத்திரத்தின் தர்மகர்த்தாவாக இருந்தவர் ராமச்சந்திர நாயுடு. கும்பகோணத்தில் பந்துலு ஐயருக்கு என்ன நடந்தது என்பது அதற்குள் டெல்டா முழுக்கத் தெரிந்த செய்தி. நோட்டீஸ் ஊரில் ஒட்டப்பட்டிருக்கிறது. சத்திரத்தைப் பூட்டிவிட்டுச் சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திறந்துவிட்டார். நடந்து வந்தவர்களைத் தங்கவைத்தார். கைது செய்யப்பட்டார்.

மரத்தில் பொட்டலம் கட்டியவர்களுக்கும் இவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பொட்டலம் கட்டியவர் யார் என்று தெரியாது. சத்திரத்துக்குப் பொறுப்பானவர் யார் என்று ஊருக்கே தெரியும். சோற்றை ஒளித்துக் கொடுக்கலாம். நூறு பேருக்குக் கூரையை ஒளித்துக் கொடுக்க வழியே இல்லை. இடம் கொடுப்பவர் பெயரோடு, முகவரியோடுதான் கொடுக்க வேண்டியிருந்தது. தார்னின் உத்தரவு இவர்களைத்தான் குறிவைத்தது, இவர்களிடம்தான் தோற்றது. அரசாங்கத்தின் மீது ஜனங்களுக்குப் பக்தி என்று ஒன்று எப்போதாவது இருந்திருந்தால், இப்போது அது செத்துவிட்டது என்ற பொருளில் தார்னே மேலிடத்துக்கு எழுத வேண்டிவந்தது.

காற்றடிக்கும் கரையில்

திருத்துறைப்பூண்டியைத் தாண்டினால் நிலம் மாறுகிறது. பஸ் ஜன்னலில் பார்த்தாலே தெரியும். பச்சை குறைந்து, பனையும் சவுக்கும் வருகின்றன. வண்டல் போய் மணல் வருகிறது. வேதாரண்யம் பகுதியில் கடல் பின்வாங்கிப் பின்வாங்கி விட்டுப்போன மணல்மேடுகள் வரிசை வரிசையாகக் கரைக்கு இணையாகக் கிடக்கின்றன. ஊர்கள் அந்த மேடுகளின் மேல்தான். மேட்டு மணலில் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும். கொஞ்சம் ஆழமாகப் போனால் உவர்ப்புத் தட்டிவிடும்.

அதுவரை கைகொடுத்த உத்திகள் இங்கே செல்லாது. பொட்டலம் தொங்கவிட வரிசையாகச் சாலை மரங்கள் இல்லை. அண்டா புதைக்க ஆறு இல்லை. தவிர, வழியில் ஒரு ராத்திரி தங்குவது ஒன்று, போய்ச்சேர்ந்த இடத்தில் முகாம் போட்டு நாட்கணக்கில் இருப்பது வேறு. ஒரு ஊரே வெளிப்படையாகத் தாங்கினால்தான் நடக்கும். அதற்குப் பொறுப்பேற்றவர் வேதரத்தினம் பிள்ளை. உப்பு வியாபாரி, அந்த மண்ணின் ஒவ்வொரு வரப்பும் தெரிந்தவர். பிற்பாடு 'சர்தார்' என்ற அடைமொழியோடு அறியப்பட்டவர், 1946-ல் வேதாரண்யத்தில் கஸ்தூர்பா காந்தி கன்னியா குருகுலத்தைத் தொடங்கியவர். யாத்திரைக்கு வேதாரண்யத்தைத் தேர்ந்தெடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஏப்ரல் 28-ம் தேதி கூட்டம் வந்து சேர்ந்தபோது வரவேற்க ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள்.

ஏன் அந்த இடம் என்பதற்கு விடை காற்றில் இருக்கிறது. உப்பு விளைய வெயில் மட்டும் போதாது. பாத்தியில் நிற்கும் நீரிலிருந்து எழும் ஈரத்தைக் காற்று உடனுக்குடன் அள்ளிக்கொண்டு போனால்தான் அடுத்த ஈரம் எழும். காற்று நின்றால் தண்ணீர் வற்றுவது மந்தமாகிவிடும். வேதாரண்யம் ஒரு மூலை. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. கிழக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ அடித்தால் காற்று கடல்வழியாகத்தான் வரும். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான் என்று மீனவர்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். கடலை ஒட்டிய சதுப்பில் ஏறி நிற்கும் கடல்நீர் இந்த வெயிலிலும் காற்றிலும் வற்றி, யாரும் பாத்தி கட்டாமலே உப்பாக உறைவது உண்டு. சட்டத்தை மீற வருகிறவனுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. அடுப்பு மூட்டிக் காய்ச்ச வேண்டாம், குனிந்து அள்ளினால் போதும்.

ஏப்ரல் 30 விடிகாலை ராஜாஜியும் 16 பேரும் முகாமிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் நடந்து உப்பளத்துக்குப் போய் உப்பு எடுத்தார்கள். அமாவாசை முடிந்த மறுநாள்கள், நிலா வெளிச்சம் இல்லை. போலீஸ் வந்தது. ராஜாஜி கைது செய்யப்பட்டு, ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, திருச்சி மத்திய சிறைக்கு அனுப்பப்பட்டார். 15 நாள் நடந்து எந்த ஊரை விட்டு வந்தாரோ அதே ஊருக்கு!

உப்பு எடுத்தவருக்கு ஆறு மாதம். அவருக்குச் சோறு போட்ட கும்பகோணத்துக்காரருக்கும் அதே ஆறு மாதம். அரசாங்கத்தின் தராசில் இரண்டு குற்றமும் ஒரே எடை.

ராஜாஜி போன பிறகும் முகாம் கலையவில்லை. வேறு வேறு குழுக்கள் போய் உப்பு அள்ளின, அடி வாங்கின, கைதாயின. உப்பை இறுக்கிப் பிடித்த கையைப் பிரிக்க முடியாமல் போலீஸ் திணறியது. வேதாரண்யத்தில் கைதாகி ஓராண்டுச் சிறை சென்ற ருக்மணி லட்சுமிபதி, உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைபுகுந்த முதல் பெண்ணாகக் குறிப்பிடப்படுகிறார். முகாமை நடத்திய வேதரத்தினம் பிள்ளைக்கும் சிறை, கூடவே சொத்துப் பறிமுதல்.

இப்போது அந்தக் கரையில் டென்ட் போடலாமா?

போகிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுவது நல்லது. கோடியக்கரை 1967-லிருந்து வனவிலங்கு சரணாலயம், 2002-லிருந்து ராம்சர் ஈரநிலம். வெளிமான்களும் பூநாரைகளும் இருக்கும் இடம். அதற்குள் இஷ்டப்பட்ட இடத்தில் டென்ட் அடிக்க அனுமதி கிடையாது. வனத்துறையின் 'பூநாரை இல்லம்' தங்கும் விடுதி இருக்கிறது, முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். சரணாலயத்துக்கு வெளியே, கடற்கரைக் கிராமங்களில் தங்குவதென்றால் அந்த ஊர் மீனவப் பஞ்சாயத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கரை காலியாகத் தெரியும். ஆனால் படகு ஏற்றுமிடம், வலை காயப்போடும் இடம் என்று ஒவ்வொரு அடிக்கும் ஆள் இருக்கிறது.

காற்று விஷயத்தில் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு, சாயங்காலக் காற்றைப் பார்த்து 'ஆகா, ஏசி மாதிரி இருக்கு' என்று அலைக்கு நேராக, திறந்த மணலில் டென்டை நிறுத்துவது. அதே காற்று ராத்திரி திசை மாறும். டென்டோடு வரும் கம்பி ஆணி மணலில் நிற்கவே நிற்காது. நாலு சாக்குப் பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஒன்றரை அடி பள்ளத்தில் புதைப்பதுதான் வழி. வாசலைக் காற்றுக்கு முதுகு காட்டி வையுங்கள். மணல்மேட்டுக்குப் பின்புறம் பாதுகாப்பு, ஆனால் சவுக்குத் தோப்புக்குள் வேண்டாம், கிளை முறிந்து விழும். டென்டுக்குள் ஸ்டவ் பற்றவைப்பது எங்குமே ஆபத்து, காற்றடிக்கும் கரையில் இரண்டு மடங்கு. ஊருக்குத் திரும்பியதும் பைக் செயினை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் போடாவிட்டால் ஒரு வாரத்தில் துரு ஏறிவிடும்.

கிளம்புவதற்கு முன் வானிலை மையத்தின் எச்சரிக்கையையும், ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் விடும் 'கள்ளக்கடல்' எச்சரிக்கையையும் பார்ப்பது அவசியம். கள்ளக்கடல் என்பது உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் எங்கோ தொலைவில் கிளம்பிய அலை திடீரென்று கரையேறுவது. பெயருக்கு ஏற்ற குணம்.

இந்தக் காற்று என்ன செய்யும் என்பதற்கு இங்கே யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையேதான் கரை ஏறியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்றில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன, உப்பளப் பாத்திகள் சேறாயின, கூரை இல்லாத வீடுகளை விட்டு ஜனங்கள் முகாம்களுக்குப் போனார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து அரிசியும் பாயும் ஏற்றிக்கொண்டு வேன்கள் இதே திருத்துறைப்பூண்டி ரோட்டில் வந்தன. இந்தத் தடவை சோறு கொடுக்க யாரும் ஒளிய வேண்டியிருக்கவில்லை.

சதுப்பு இன்றும் உப்பு விளைந்துகொண்டுதான் இருக்கிறது. அகஸ்தியம்பள்ளி, கடினல்வயல் பகுதிகளில் சுமார் 9,000 ஏக்கர் உப்பளம். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்த இடம். ஆண்டுதோறும் ஏப்ரலில் காங்கிரஸ்காரர்கள் திருச்சியிலிருந்து அதே வழியில் வந்து, 30-ம் தேதி அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூண் அருகே உப்பு அள்ளுகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு ரயில் இருக்கிறது. திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் திரும்பவும் திறக்கப்பட்டது. 1930-ல் இரண்டு நாள் நடந்த தூரம். கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் முதலில் முகத்தில் அடிப்பது காற்றுதான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உதட்டை நாக்கால் தொட்டுப் பார்த்தால் கரிக்கும்.